ஐயா இறங்கிப்போன கார்

ஒரு விஷயத்தை நேற்றுத்தான் தெரிந்துகொண்ட மனிதனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாது. உட்கார்ந்து மாட்டுப்பட்டவர் உருத்திரபுரத்து ஐயா. நேற்றுத் தெரிந்துகொண்ட மனிதன் நான்.

அன்று அப்பாவின் முதலாவது ஆண்டுத் திவசம். அவர் முரசுமோட்டையில் வயல் செய்தவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் விழுந்த அன்று நான் ஒரு கார் தேடி அலைந்தேன். கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து வளவுச் செல்வம் அண்ணையின் லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில், வெறும் பலகையில் படுக்கவைத்துத்தான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். (கை உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொளுவுகிற பெட்டி. அந்தக் குலுக்கலைப் பற்றி நான் இப்போதும் பேசுவதில்லை.) அவர் உயிரோடு திரும்பவில்லை. ஊரில் ஒருவரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும், தகப்பனுக்கு ஒரு கார் பிடிக்க வக்கில்லாத மகன் என்று எல்லோரும் நினைப்பதாக ஒரு வருடம் முழுக்க நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே திவசம் செய்விக்க வரும் குருக்கள் ஐயாவைக் காரில்தான் கூட்டிவருவது என்று முடிவெடுத்தேன்.

முதல் நாள் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கொழும்பிலிருந்து காரோடு வந்து இறங்கினார். சீற்றுகள் எல்லாம் பால்தேத்தண்ணி நிறத்தில் பளபளவென்று இருந்தன. ஆனால் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் வழிநெடுக சொக்லேற் தின்றதற்கான அடையாளங்களும், எங்கள் கிரவல் றோட்டின் புழுதியும் அவற்றின் மேல் இருந்தன. நான் ஒரு வாளியில் சவர்க்காரத் தூளைக் கரைத்துக்கொண்டு வந்ததைக் கண்டதும் அத்தான் பாய்ந்து வந்தார்.

"ஐயோ மச்சான், அது தோல்! சவர்க்காரம் பட்டா வெடிச்சுப்போம்!"

டிக்கியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து எனக்கு வகுப்பு எடுத்தார். முதலில் தையல் இடுக்குகளில் உள்ள புழுதியை மெல்லிய பிரஷால் தட்டி எடுக்கவேண்டும். பிறகு ஒரு போத்தலில் இருக்கும் நுரையைத் துணியில் எடுத்து, அழுத்தாமல் வட்டம் வட்டமாகத் துடைக்கவேண்டும். நிழலில் காயவிட்டு, கடைசியில் மற்றப் போத்தலில் உள்ள கிறீமை மெல்லிசாகப் பூசி ஊறவிடவேண்டும். நான் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி மூன்று மணித்தியாலம் இதைச் செய்தேன். எனக்குத் தெரிந்து அவ்வளவு பக்தியோடு கோயிலில்கூட நான் நின்றதில்லை.

அம்மா அடுப்படியை விட்டு வந்து குசினி வாசலில் நின்று பார்த்தா.

"அந்த மனுசன்ர முதுகுக்கு ஒரு நாளாவது இப்பிடித் தேய்ச்சு விட்டனியே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா வயலால் வந்து முதுகு உளைகிறது என்று சொன்ன நாட்கள் எத்தனையோ. தொடர்ந்து சீற்றைத் தேய்த்தேன்.

மறுநாள் காலை தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். (திவசம் செய்கிறவன் வீட்டில் நிற்கவேண்டும் என்று அக்கா சொன்னா. கேட்டால்தானே!) அம்மா சீனி வருத்தக்காரி, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவா. பிண்டம் வைத்து முடியும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டன் என்று பிடிவாதமாக இருந்தா. பத்தரைக்காவது தொடங்கிவிடவேண்டும்.

ஐயா அறுபது வயதுக்காரர், அளந்து பேசுகிறவர். தர்ப்பையும் மணியும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் ஏறினார். பரந்தன் சந்தி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சீற்றை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"நல்ல குளிர்ச்சியா இருக்குத் தம்பி."

"ஓம் ஐயா" என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"நேற்று மூண்டு மணித்தியாலம் துடைச்சனான் ஐயா."

"றெக்சினுக்கு அவ்வளவு வேலையோ?"

றெக்சின்! போலித் தோல்! என்னுடைய மூன்று மணித்தியாலத்தையும் அந்த ஒரு சொல் அவமதித்துவிட்டது.

"றெக்சினோ ஐயா? இது அசல் தோல். மாட்டுத் தோல். உத்துப் பாருங்கோ, மயிர்க்கால்கூடத் தெரியும். எங்கட தோல் மாதிரித்தான் ஐயா, சும்மா விட்டா வறண்டு வெடிச்சுப்போம். கிறீமை அப்பிடியே உறிஞ்சும். இப்ப நீங்கள் இருக்கிற இடம் முதுகுப் பக்கத்துத் தோலாம், அதுதான் திறம்..."

"தம்பி, காரை நிப்பாட்டுங்கோ."

அவருக்குத் தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்து நிறுத்தினேன். ஐயா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். வீட்டுக்கு இன்னும் இரண்டு மைல்கட்டை தூரம் இருந்தது.

"இதில இருந்துபோட்டுப் பிதிர்க்காரியம் செய்யேலாது. நான் முழுகவேணும்."

அம்மாவின் முகம் வந்து நின்றது. ஆனாலும் விடவில்லை. "ஐயா, கோயில்ல அடிக்கிற தவிலும் தோல்தானே?"

"தவிலுக்கு மேல நான் ஏறி இருக்கிறேல்லைத் தம்பி" என்றார் ஐயா. "நீங்களும் இறங்குங்கோ. நீங்கள்தானே செய்யிற ஆள்."

நல்லகாலம், சிறுபோகப் பயிருக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்திருந்தார்கள். றோட்டோரத்து வாய்க்காலில் கட்டிய வேட்டியோடு இருவரும் முழுகினோம். துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று ஐயா கேட்டார். காருக்குள் அந்தப் போத்தல்களோடு இருந்த மென்மையான துணிகளை ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

"இது எதுக்குப் பாவிக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. அன்று நான் வாய் திறக்காமல் இருந்த முதல் சந்தர்ப்பம் அதுதான். ஐயா ஈரத்தோடு நின்றார்.

மணி பத்தேகால். இனிக் காரில் ஏறமுடியாது, நடந்து போய்ச் சேரவும் முடியாது. அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. செல்வம் அண்ணையின் லாண்ட்மாஸ்டர்.

ஐயா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இருக்கிறதுக்கு என்ன போட்டிருக்கு?"

"சாக்குத்தான் ஐயா" என்றார் செல்வம் அண்ணை, என்ன பிழை செய்தோம் என்று விளங்காமல்.

"சாக்கு நல்லம்."

எந்தப் பெட்டியை ஊர் மறக்கவேண்டும் என்று நான் காரில் கிளம்பினேனோ, அதே பெட்டியில், சொட்டச் சொட்ட நனைந்து, ஐயாவின் பையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் போனேன். வீட்டு வாசல் படலையடியில் அம்மா, அக்கா, அத்தான், சொந்தக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். மண் வெடித்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

"கார் எங்க மச்சான்?" என்று அத்தான் கேட்டார்.

"வாய்க்கால் கரையில."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். (திறந்திருந்த கதவுக்குள் ஒரு மாடு தலையை விட்டுச் சீற்றை நக்கிக்கொண்டு நின்றதாக இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார். அத்தானின் சத்தியத்தில் பாதியைத்தான் நான் நம்புவது.)

திவசம் நடந்தது. பிண்டம் வைத்து, காகம் எடுத்து, அம்மா சாப்பிட உட்கார்ந்தபோது நான் அவவின் பக்கத்தில் போய் இருந்தேன். "குறை நினையாதேங்கோ அம்மா. அண்டைக்கும் ஒரு கார் பிடிக்கேலாமப் போச்சு, இண்டைக்கும் அதே பெட்டிதான்" என்றேன்.

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினா.

"விசரா, அண்டைக்கு அதில படுத்துக்கொண்டு போனவர். இண்டைக்கு அந்தச் சத்தம் படலையில வந்து நிக்கேக்க, அவர்தான் எழும்பி வாறாரெண்டு ஒரு நிமிசம் நினைச்சிட்டன்." பிறகு சாப்பிட்டா. நன்றாகச் சாப்பிட்டா.

இதெல்லாம் நடந்து ஏழு வருடமாகிறது. எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றியாவது கொஞ்சம் நீட்டிப் பேசினால், அக்காவின் பிள்ளைகள் ஐயாவின் குரலில் "தம்பி, காரை நிப்பாட்டுங்கோ" என்பார்கள். என் மனைவியும் இப்போது அதைச் சொல்லப் பழகிவிட்டாள். ஐயாவும் ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு முன் போன் எடுத்து என்ன வாகனம் என்று கேட்பார். அம்மாதான் பதில் சொல்லுவா: "லாண்ட்மாஸ்டர்தான் ஐயா. சாக்குத் தோய்ச்சுப் போட்டிருக்கு."

சாக்கைத் தோய்ப்பது நான். முதல் நாள் பின்னேரம் செல்வம் அண்ணையின் பெட்டியை வேப்பமர நிழலுக்கு இழுத்து வந்து, அந்தப் பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுவேன். எப்படியும் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அம்மா குசினி வாசலில் நின்று பார்ப்பா. முதுகைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்பதில்லை.