ஹாலுக்கு மட்டும் வினைல்

இந்த வீட்டில் என்னோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்றால் தரையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று, எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில் ஒரு மத்தியானம் தீர்மானித்தேன்.

தரைக்கும் பேச்சுக்கும் என்னய்யா சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது. கேளுங்கள்.

என் பெயர் தங்கமுத்து. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவன். சர்வீஸ் முழுக்க ஊர் சனம் மொத்தமும் என்னிடம் பேசியது. ஆனால் ஒரே பேச்சுதான். "பழனி வண்டி எத்தன மணிக்கு?" நாலரைக்கு என்பேன். அத்தோடு போய்விடுவார்கள். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். ரிட்டயர் ஆன பிறகு அதைக் கேட்கக்கூட ஒரு நாதி இல்லை. ஒரே மகளும் நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். காலையில் காலண்டரில் தேதி கிழித்தால் அன்றைய வேலை முடிந்தது.

மிச்சம் இருப்பது என் சம்சாரம் ஜோதிமணி. நன்றாகப் பேசுவாள். என்னிடம் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கமர்ஜஹானும் எதிர்வீட்டு ராமுத்தாயும் மல்லிகை மொட்டுக் கூடையோடு எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். ஈரத்துணியை விரித்து, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பூக் கட்டுவார்கள். கட்டிய பூவைக் கமர்ஜஹான் கொண்டுபோய்ப் பழனி வண்டியில் ஏற்றிவிடுவாள். எங்கள் தரை பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அது மட்டும் பானைத் தண்ணி மாதிரி குளுகுளுவென்று இருக்கும். அதனால் பூவும் வாடாது, பேச்சும் வாடாது.

நான் உள்ரூமில் கட்டிலில் கிடப்பேன். அவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது. உலகத்தில் அதைவிடக் கொடுமை இல்லை.

என்னிடமும் சிரிக்கிற மாதிரிக் கதை இருந்தது. செம்பட்டியில் ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளையை டீக்கடையில் விட்டுவிட்டு வண்டி ஏறிப் போன கதை. வருஷக்கணக்காக வைத்திருக்கிறேன். ஜோதிமணியிடம் ஆரம்பித்தால், "செத்த நேரம் இருங்க, பூ வந்துருச்சு" என்று எழுந்து போய்விடுவாள். மாப்பிள்ளை இன்றுவரை டீக்கடையிலேயே நிற்கிறான்.

அந்தச் சமயத்தில்தான், ஹால் தரை வெடிப்பு விட்டுவிட்டது, டைல்ஸ் போடலாம் என்றாள் அவளே. ரிட்டயர்மெண்ட் பணம் பேங்கில் தூங்கியது. கடைக்குப் போனேன். கடைக்காரர் சூசைமுத்து, டைல்ஸைக் காட்டிவிட்டு, புதுசாக வந்திருக்கிறது என்று வினைல் என்கிற பிளாஸ்டிக் விரிப்பையும் காட்டினார். சலவைக்கல் மாதிரியே பூப்போட்டிருந்தது. உட்கார்ந்து பாருங்கள் என்றார். உட்கார்ந்தேன். கீழே சுட்டது. எழுந்தேன். வேட்டி என்னோடு வர மறுத்தது.

புத்தர் அரச மரத்தடியில் உட்கார்ந்தார். நான் வினைலில் உட்கார்ந்தேன். எனக்கும் ஞானம் பிறந்தது. இதை ஹாலில் போட்டால் எந்தப் பொம்பளை வந்து உட்காருவாள்?

வீட்டுக்கு வந்து வக்கீல் மாதிரி வாதாடினேன். டைல்ஸ் என்றால் தரையைக் கொத்த வேண்டும், அரிசிப் பானை வரைக்கும் தூசி அடையும், ஈரம் பட்டால் வழுக்கும், இந்த வயசில் இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது என்றெல்லாம் அடுக்கினேன். வினைல் என்றால் சுருட்டிக்கொண்டு வந்து விரித்து ஒட்டினால் முடிந்தது. நான் கிழக்கு என்றால் மேற்கு என்பவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரிங்க. ஆனா ஹாலுக்கு மட்டும் போடுங்க. உள்ரூம் அப்படியே கெடக்கட்டும்."

எனக்குச் செலவை மிச்சம் பிடிக்கிறாள் என்று மனசு குளிர்ந்தது. இம்புட்டுச் சுலபமாக ஜெயித்தவனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வினைல் வந்தது. எங்கள் ஹாலுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானம் வந்து உட்கார்ந்த ராமுத்தாய், தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாள். பூவுக்குத் தெளித்த தண்ணீர் ஓரம் வழியாக விரிப்புக்கு அடியில் போய்விட்டது. அவர்கள் எழுந்தபோது சேலையெல்லாம் பர்ரென்று சத்தம் போட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு பாதியிலேயே போய்விட்டார்கள். கட்டிலில் படுத்தபடி, மாப்பிள்ளைக் கதையை முதலிலிருந்து ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் கதை சொல்லப் போகிறவன் லட்சணமாக இருக்க வேண்டுமென்று சலூனுக்குப் போய்ச் சவரம் பண்ணிக்கொண்டு வந்தேன். ஹாலில் ஒருத்தரும் இல்லை. என் கட்டில்தான் இருந்தது. உள்ரூமிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். என் ரூமில், பழைய சிவப்புத் தரையில், ஈரத்துணி விரித்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜோதி, என் கட்டிலு?"

"ஹால்ல போட்டிருக்குல்ல. ஆசப்பட்டுப் போட்டது, நீங்களே அனுபவிங்க."

அனுபவித்தேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே வினைல், நடுவில் நான். முன்னே அவர்கள் ஹாலில், நான் உள்ரூமில். இப்போது அவர்கள் உள்ரூமில், நான் ஹாலில். சிரிப்பு மட்டும் அதே சுவரைத் தாண்டித்தான் வந்தது. ஒரு நாள் தாங்கவில்லை. தண்ணி குடிக்க வந்தவளை மறித்தேன்.

"எனக்குப் பேச ஆளில்லாம இருக்கு ஜோதி" என்றேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "என்கூடப் பேசுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. அதுக்கு எதுக்குங்க வீட்டுத் தரையவே மாத்துனீங்க?"

"அது உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வினைலுன்னு வாயத் தொறந்தப்பவே. கமர்ஜஹான் வீட்டுல போன வருசமே அதப் போட்டாக. அங்க உக்கார முடியாமத்தான அவ நம்ம வீட்டுக்கே வாரா."

நான் நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "சரி, உள்ள வந்து உக்காருங்க. அம்புட்டுத்தான" என்றாள்.

போனேன். தரை குளுகுளுவென்று இருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ராமுத்தாய் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது. நார் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளைக் கதைக்காகத் தொண்டையைக் கனைத்தேன். மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் பூக் கட்டினார்கள்.

ஆம்பளை வந்து உட்கார்ந்திருக்கிறாரே, ஒன்றும் பேசாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று கமர்ஜஹானுக்குத் தோன்றியிருக்கும். தினமும் தன் கையாலேயே பூவை வண்டி ஏற்றுகிறவள், மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, பழனி வண்டி எத்தன மணிக்கு?"

நாலரைக்கு என்றேன்.