கரை வருவதற்குள் சொல்ல வேண்டியது

படகு தொண்டியிலிருந்து தெற்கே கிளம்பி அரை மணி நேரமாகியும், "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்ற சின்ன வாக்கியத்தை அங்கப்பனால் சொல்ல முடியவில்லை.

அவருக்குத் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு. மகள் மோகனப்பிரியா, கூட வேலை பார்க்கும் தேஜாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பையன் நல்ல பையன்தான். ஆனால் வேறு சாதி. பங்காளிகள் கூடிப் பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும்படி அங்கப்பனை அனுப்பினார்கள்.

அவரும் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த பையன் வீட்டுக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"ஊட்டுக்குள்ள வெச்சுப் பேசுனா உங்களுக்கு வாயே வராதுங்கப்பா. வேத்தூர்ல, கடல்மேல வெச்சுச் சொல்லிப்போடுங்க," என்று மகளே யோசனை சொன்னாள். பாய்மரப் படகையும் அவளே ஏற்பாடு செய்தாள். இவ்வளவு பெரிய மனசா என்று அங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எதிரே பையனின் அப்பா சென்னகேசவன், மோட்டார் பட்டறைக்காரர், பயத்தில் பலகையை இறுக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அம்புஜம். அங்கப்பனை ஒட்டி அவர் மனைவி கருப்பாத்தாள். சுக்கானில் படகுக்காரர் இல்யாஸ்.

அங்கப்பன் மனதைத் திடப்படுத்திக்கொண்டார். "ஏனுங்க, ஒரு விசயம் பேசோணுமுங்க..."

"காத்து மாறுது. எல்லாரும் அந்தப் பக்கம் வாங்க," என்றார் இல்யாஸ்.

பாய் திரும்பியது. எல்லோரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் உட்காரத்தான் இல்லை. நீங்கள் முதலில் உட்காருங்கள் என்று இவரும், நீங்கள் உட்காராமல் நான் எப்படி என்று அவரும் மரியாதை செய்துகொண்டிருக்கையில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சென்னகேசவன் அங்கப்பனின் கையைப் பிடித்தவர், அப்புறம் விடவே இல்லை. கையைப் பிடித்திருப்பவரிடம் என்னவென்று சொல்வது?

கொஞ்சம் தள்ளி இருந்தால் தைரியம் வரும் என்று அங்கப்பன் மெல்லக் கையை உருவிக்கொண்டு படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்து, மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் காற்று மாறியது. இந்த முறை சென்னகேசவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப் போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் அவர் வாயையும் துடைத்துவிட்டார் அங்கப்பன். வாந்தி எடுத்தவருக்கு வாய் துடைத்த கையோடு சம்பந்தத்தை முறிப்பது அவருக்கே நாகரிகமாகப் படவில்லை.

கடைசியில் பொறுப்பை மனைவி கருப்பாத்தாள் தலையில் கட்டினார். அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடும்படி காதோடு கேட்டுக்கொண்டார். கருப்பாத்தாள் பேச்சை எடுத்ததும் பாய் திரும்பியது. பெண்கள் இருவரும் பலகையில் ஒருபுறமாகச் சறுக்கி, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அப்படியே குசுகுசுவென்று வெகுநேரம் பேசினார்கள்.

"சொல்லிப்போட்டியா அம்மணி?" என்று அங்கப்பன் ரகசியமாகக் கேட்டார்.

"எங்கீங்க சொல்றது? படகு சாஞ்சதுல பேச்சு வேற பக்கம் போயிருச்சுங்க. வைகாசியில மொத முகூர்த்தமாமுங்க. மண்டபந்தான் இன்னும் பாக்கி."

அங்கப்பனுக்கு வியர்த்தது. தேவிபட்டினத்துக் கரை நெருங்கிவிட்டது. ஊரில் பங்காளிகள் காத்திருப்பார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு விருட்டென்று எழுந்து, "இங்க பாருங்க, எனக்கு இதுல..." என்றார்.

பாய் திரும்பியது. அங்கப்பன் தண்ணீரில் விழுந்தார்.

தண்ணீர் இடுப்பளவுதான். அது சென்னகேசவனுக்குத் தெரியாது. நீச்சலும் தெரியாது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் குதித்துவிட்டார். குதித்த பிறகுதான் இருவருக்கும் தரை தட்டியது. உப்புநீரைத் துப்பிக்கொண்டு அவர் அங்கப்பனைத் தூக்கி நிறுத்தினார்.

"அடிகிடி படலீங்களே?"

அங்கப்பன் அவரையே பார்த்தார். பங்காளிகளில் எவனாவது குதித்திருப்பானா என்று யோசித்தார். நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"நிச்சயத்த எங்க ஊட்டுலயே வெச்சுக்கலாமுங்க," என்றார்.

கரையேறியதும் இல்யாஸிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கடல்ல காத்து நிமிசத்துக்கு ஒருக்கா மாறுதுங்களே. எப்படித்தான் சமாளிக்கறீங்களோ."

இல்யாஸ் பாயைச் சுருட்டியபடியே சொன்னார்: "காத்து காலையிலேருந்து ஒரே பக்கந்தாண்ணே அடிக்குது. அப்பா பேச வாயத் தொறந்தா பாயத் திருப்பிடுங்கன்னு ஒங்க மகதான் சொல்லி வச்சிருந்துச்சு."