எண்பது வயது முகம்

தாடி ஒட்டவில்லை.

நாடகம் தொடங்க இன்னும் நாற்பது நிமிடம். அயர்லாந்தின் பாலிகல்லன் ஊர் மன்றத்தின் பின்னறையில், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் ஃபின்டன் உட்கார்ந்திருந்தான். வயது இருபத்தாறு, வங்கியில் குமாஸ்தா, வெண்ணெய்க் கட்டி மாதிரி ஒரு முகம். இன்றைய நாடகத்தில் அவன் எண்பது வயதுக் கிழவன். அவனைக் கிழவனாக்கும் பொறுப்பு அட்ராக்டாவுடையது.

அட்ராக்டா மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மேக்கப் கலையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. உதட்டுச்சாயப் பெட்டியோடு இலவசமாக வந்த பத்துப் பக்கப் புத்தகத்தைப் படித்து, தங்கைகள் இருவரின் முகத்தையும் பாழாக்கித் தானே கற்றுக்கொண்டது. நன்றாகவே கற்றுக்கொண்டாள், தாடி நீங்கலாக.

எங்கள் மேயோ மாவட்டத்து நாடக விழாக்களில் ஒரு கொடுமை உண்டு. திரை விழுந்ததும் நடுவர் மேடையேறி, யார் யார் என்ன சொதப்பினார்கள் என்று ஊர் முன்னாலேயே சொல்வார். பாதிப் பேர் நாடகத்துக்கு வருவதே அதைக் கேட்கத்தான். போன வருஷத்து நடுவர், "கிழவருக்கு முன்பே அவருடைய தாடி மேடைக்கு வந்துவிட்டது" என்றார். முந்நூறு பேர் சிரித்தார்கள். அட்ராக்டா ஒரு வாரம் கடைக்கு வெளியே தலைகாட்டவில்லை.

இந்த வருஷமும் ஒரு குறை சொன்னால், அடுத்த வருஷம் கால்வே நகரத்திலிருந்து ஒப்பனையில் டிப்ளோமா வாங்கிய பெண்ணை வரவழைப்பதாக இயக்குநர் ஹெனகன் மாஸ்டர் சொல்லிவிட்டார். அட்ராக்டாவுக்கு அந்த மேக்கப் பெட்டியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டால் ஆயுசு முழுக்க இருமல் மருந்து விற்க வேண்டியதுதான்.

நெற்றியும் கண்ணோரமும் முடித்தாகிவிட்டது. பழுப்பு ஒப்பனைக் குச்சியால் ஒரு மணி நேரம் இழைத்த கோடுகள். ஃபின்டனின் அப்பா மாலகி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியுமாகக் கதவருகே நின்று அத்தனை நேரமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையன் எனக்கு முன்னாடியே கிழவனாயிட்டானே."

"கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள் அட்ராக்டா.

தாடி ஒட்டும் பசை புட்டியிலேயே காய்ந்து கிடந்தது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை ஊற்றிக் கரைத்தாள். பசை தண்ணீராகி, தாடி மெல்ல வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியது. மன்றத்துக் காவலரிடம் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் பசை இருந்தது. அதைத் தடவி அழுத்தினாள். தாடி பிரமாதமாக ஒட்டியது, ஆனால் ஒரு நுனி காதில். பிய்த்தெடுத்தாள். தாடியோடு கொஞ்சம் ஃபின்டனும் வந்தான்.

எரிச்சல் தணியக் குளிர்ந்த களிம்பைப் பூசினாள். பசையும் களிம்பும் ஒன்றுக்கொன்று ஆகவில்லை போலிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் மோவாய் சிவந்து, உதடு இரண்டும் ஊதி, ஃபின்டன் மேல்பாதியில் எண்பது வயதுக் கிழவனாகவும் கீழ்ப்பாதியில் பூசணிக்காயாகவும் ஆகிவிட்டான். பேசச் சொன்னால் காற்றுதான் வந்தது.

மாஸ்டர் வந்து பார்த்தார்.

"இவன் வசனம் வேற யாருக்குத் தெரியும்?"

மூலையில் டெலியா உட்கார்ந்திருந்தாள். ஃபின்டனின் அம்மா. நடிகர்கள் வசனம் மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. பின்னல் ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்: "எங்க வீட்டுப் பசுவுக்குத் தெரியும். அப்புறம் இவருக்கு."

மூன்று மாதமாக ஃபின்டன் வசனத்தை உருப்போட்டது பால் கறக்கும் நேரத்தில், தொழுவத்தில்தானாம். பக்கத்து மாட்டுக்குக் கீழே மாலகி.

மாஸ்டர் மாலகியை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு மேக்கப்பே வேண்டாம். அப்படியே போய் நில்லுங்க."

"அப்படியேவா?" என்றார் மாலகி.

அவருக்கு அப்போது அறுபத்து நாலு. சனிக்கிழமை தவறாமல் நடனத்துக்குப் போகிற மனிதர். ஆனால் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. மாஸ்டர் மேடைக்கு ஓடினார். ஃபின்டன் மோவாயில் ஈரத்துண்டை அழுத்தி, வலியில் கண்ணை இறுக மூடியிருந்தான். அட்ராக்டா பின்கதவு வழியாக வெளியேறி, நிலக்கரிப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள்.

அங்கிருந்து மேடை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். மாலகி குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. அரங்கம் சிரித்தது. அப்புறம் அமைதி. கடைசியில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம்.

நடுவர் மேடையேறினார். சாத்திக்கொள்ள மறுத்த மேடைக் கதவைத் திட்டினார். விளக்கைத் திட்டினார். பாதிரியாராக நடித்தவரின் சேறு படிந்த செருப்பைத் திட்டினார். "இனி, ஒப்பனை" என்றார். அட்ராக்டா காதைப் பொத்திக்கொண்டாள், முழுக்க அல்ல.

"அந்தக் கிழவரின் முகம். நெற்றிக் கோடும் கண்ணோரச் சுருக்கமும் எத்தனை அடக்கம். டப்ளின் மேடைகளில்கூட இப்படிப்பட்ட கையை நான் பார்த்ததில்லை. யார் செய்தது?"

ஊரே அவள் பெயரைச் சொன்னது. இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தி, சிறந்த ஒப்பனைக்கான சான்றிதழைக் கையில் திணித்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் தைரியம் போய்விட்டது. மாலகி குழாயடியில் முகம் கழுவிவிட்டு, துண்டால் துடைத்தபடி வந்தார். அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கோபம், என்று நினைத்தாள். இருக்காதா? தன் சொந்த முகத்தையே எண்பது வயது முகம் என்று ஊர் முன்னால் புகழ்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்றிலிருந்து மாலகி அவளைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். மறுநாள் பெட்டியைத் துடைத்தபோது பழுப்புக் குச்சியைக் காணவில்லை. அந்தக் களேபரத்தில் எங்கே உருண்டதோ.

சான்றிதழ் மருந்துக் கடைச் சுவரில் ஏறியது. அதைப் பார்த்து மணப்பெண்கள் வந்தார்கள். பிறகு கடலோரத்தில் சினிமா எடுக்க வந்த கூட்டத்தார், எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். அவள் சுவரைக் காட்டினாள். வேலை கிடைத்தது. கடையை விட்டாள். ஊர் ஊராகப் போனாள். டிப்ளோமா வாங்கிய பெண்கள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று குறிப்பெடுத்தார்கள். யாராவது கையைப் பாராட்டினால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். எல்லாம் ஒரு விவசாயியின் வெறும் முகத்தால் வந்த வாழ்வு.

இருபத்திரண்டு வருஷம் கழித்து மாலகி இறந்தார். அடக்கத்துக்கு முன் அவர் முகத்துக்கு ஒப்பனை அட்ராக்டாதான் செய்ய வேண்டும் என்று டெலியா ஆள் அனுப்பினாள்.

மழை விட்ட பிற்பகல். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அடுக்களையில் தேநீரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் ஓடிக்கொண்டிருக்க, முன்னறையில் மாலகி படுத்திருந்தார். அட்ராக்டா அதே பழைய பெட்டியைத் திறந்தாள். அந்தப் பின்னறை, பஞ்சர் பசையின் நெடி, கதவருகே தொப்பியோடு நின்ற மனிதர், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது?

"மிஸஸ், அந்தப் பரிசு என்னோடது இல்லை. இவரோட வெறும் முகத்துக்குக் கிடைச்சது. நான் இவருக்கு ஒரு கோடுகூடப் போடலை. அதனாலதான் சாகற வரைக்கும் என் முகத்துல முழிக்கலை."

டெலியா கட்டில் காலில் மாட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் உள்பையில் கையை விட்டாள். கட்டைவிரல் அளவு தேய்ந்த ஒரு பழுப்புக் குச்சியை எடுத்து, பெட்டியில் இத்தனை வருஷம் காலியாகக் கிடந்த குழிக்குள் வைத்தாள்.

"வெறும் முகத்தோட மேடையேற இவருக்கு என்ன பைத்தியமா கண்ணு? நீ வெளிய போனதும் இதைத் திருடி, ஃபின்டன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து, நீ போட்ட கோட்டையெல்லாம் ஒண்ணு விடாம தன் மூஞ்சில வரைஞ்சுக்கிட்டார். அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் இருபத்திரண்டு வருஷமா தெரு மாறிப் போனார்."