சப்பாத்துக்கு அடி மாற்றிய செலவு: இல்லை

என் சட்டைப்பை நோட்டில், 1921ஆம் வருடம் மாசி ஒன்பதாம் நாளுக்கு இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது:

“சப்பாத்து இரண்டுக்கும் அடி மாற்றினேன். பொருள்: மாதிரித் தொட்டியில் கிடந்த ரப்பர்த் தாள் துண்டு இரண்டு. ஒட்டியது: மண்ணெண்ணெயில் ஊறவைத்த ரப்பர். செலவு: இல்லை.”

‘இல்லை’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவு பெருமை. அந்தக் கோடுகளைப் போட்ட மனிதனை இன்று எதிரில் கண்டால், நான் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையை விட்டு இறங்கி நடுத்தெருவில் நடந்து போய்விடுவேன்.

பழுது பார்ப்பது என் குணம் இல்லை, வியாதி. என் கோட்டின் முழங்கையில் பழைய கால்சட்டைத் துணியும், கால்சட்டையின் முட்டியில் பழைய கோட்டுத் துணியும் இருந்தன. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல். குடைக்கு மூன்று முறை துணி மாற்றி, இரண்டு முறை கம்பி மாற்றி, ஒரு முறை பிடியும் மாற்றியாயிற்று. கடையில் வாங்கியபோது இருந்ததில் மிச்சம் அதன் நிழல் மட்டும்தான். (அதிலும் ஓட்டை உண்டு.)

என் மனைவி செல்லம்மாள் இதையெல்லாம் சிரித்தபடி பொறுத்துக்கொண்டாள் என்று எழுதினால் அது பொய்யாகும். சிரிக்கவும் இல்லை, பொறுக்கவும் இல்லை.

“அந்தச் சப்பாத்துக்குப் பாக்கிற வைத்தியத்துல பாதி எனக்குப் பாத்திருந்தா, என் முழங்கால் எப்பவோ நல்லாயிருக்கும்” என்றாள், நான் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்த அன்று. “அஞ்சடியில சீனர் ஒருத்தர் ஆணியும் சுத்தியலுமா உக்காந்திருக்காரே. அவர்கிட்டக் குடுத்தா ஒரு பொழுதுல தச்சுக் குடுத்துடுவாரு.”

“அவர் தோல் வைப்பார். தோல் தேயும். இது தேயாது.”

“தேயாதுன்னு யாரு சொன்னா?”

“ஒன்பது வருஷமா ரப்பர்லயே குப்பை கொட்றேன். எனக்குத் தெரியாதா?”

நியாயமான கேள்விதான். பதில், ‘தெரியாது’.

அப்போது கடலோரத்தில் இருந்த ஒரு ரப்பர்க் கிட்டங்கியில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. தோட்டங்களிலிருந்து புகைபோட்ட ரப்பர்த் தாள்கள் வரும். எடைபோட்டு, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவோம். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே இது எந்தத் தோட்டத்துத் தாள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்தத் தாளை ஒருநாள்கூட வெயிலில் வைத்துப் பார்த்ததில்லை. கிட்டங்கிக்குள் எப்போதும் நிழல். கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் ரப்பர் ரப்பராகும் என்பது பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. நாங்கள் சீமைக்கு அனுப்பியது மாவு. அது அங்கே போய்த்தான் தோசையாகும். நான் மாவைக் காலில் கட்டிக்கொண்டேன்.

இனி அந்தத் ‘தொட்டியில் கிடந்த’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட, தாளின் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்குவோம். பார்த்து முடித்ததும் துண்டை ஒரு மரத்தொட்டியில் வீசுவோம். தொட்டி நிறைந்தால் கழிவு ரப்பரோடு சேர்த்து விற்றுவிடுவார்கள். ஆகவே அது கம்பெனிச் சொத்து. ‘வீணாகத்தானே கிடக்கிறது’ என்று என் மனம் வாதாடியது. நீதிபதியும் நானே என்பதால் வழக்கு சீக்கிரம் முடிந்தது.

அந்த வருடம் ரப்பர் விலை கிணற்றில் போட்ட கல்லாக விழுந்திருந்தது. மாசி பதினொன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை வருகிறார் என்றும், கிட்டங்கிக்கு இரண்டு கிராணி தேவையில்லை, ஒருவனை நிறுத்திவிட்டுப் போவார் என்றும் பேச்சு. கிராணிகள் இருவர்: ஒருவன் காதர், வயது இருபத்தாறு, ஓடியாடித் திரிகிறவன். மற்றவன் நான், வயது நாற்பத்து மூன்று. மகளுக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்த ஒரே நல்ல செய்தி, நான் வேலையில் இருக்கிறேன் என்பதுதான்.

நாற்பத்து மூன்று வயதைக் கிழவயது என்று நினைத்தேன். (இன்று அறுபதில் இருந்துகொண்டு பார்க்கிறேன், பச்சைப் பிள்ளை.) பெரிய துரையின் கண்ணுக்கு இளைஞனாகத் தெரிய வேண்டும் என்று தீர்மானித்து, காலையில் மீசையிலிருந்து நரைமுடி நான்கைப் பிடுங்கினேன். நான்காவது போனதும் மீசை ஒருபக்கம் ஏழையாகத் தெரிந்தது. சரிக்கட்ட மறுபக்கத்திலிருந்து இரண்டு கறுப்பு முடியையும் தியாகம் செய்தேன். நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

“கண்ணாடி இல்லாம என்னத்தைப் படிப்பீங்க?” என்றாள் செல்லம்மாள்.

“இன்னைக்குப் படிக்கிற வேலை இல்ல. நிக்கிற வேலைதான்.”

அவள் மூக்கைச் சுளித்தாள். “விளக்கு எங்கயாவது கவுந்திருக்கா? ஒரே மண்ணெண்ணெய் நாத்தம்.”

அது என் காலிலிருந்து வந்தது. ஒட்டி இரண்டு நாளாகியும் காயவில்லை. காயாததன் பொருளை நான் யோசிக்கவில்லை.

ஒன்பது மணிக்கே எங்களைக் கிட்டங்கிக்கு முன்னால், சரக்கு இறக்கும் சிமெண்டு மேடையில் நிறுத்தினார்கள். கூரை இல்லாத மேடை. கப்பல் தாமதம். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தலைக்கு மேலே சூரியன், காலுக்குக் கீழே சட்டி.

நான் அசையவில்லை. வாசலில் நிற்கும் சிப்பாய் போலக் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரே இடத்தில் நின்றேன். இந்த வயதிலும் இவனுக்கு எவ்வளவு உறுதி என்று பார்க்கிறவர்கள் வியக்க வேண்டும் அல்லவா. பக்கத்தில் காதர் ஒரு நிமிடம் நின்றானில்லை. ஒரு காலைத் தூக்குவான், மறு காலைத் தூக்குவான். தாள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெட்டிக்குள் தூவுகிற வெள்ளைமாவு மேடை ஓரத்தில் சிந்திக் கிடந்தது. அதில் போய் நிற்பான், திரும்பி வருவான், மறுபடி போவான்.

“தம்பி, ஒரு எடத்துல நில்லு. துரை பாத்தா என்ன நினைப்பாரு?”

“முடியல அண்ணே. நீங்களும் கொஞ்சம் நடந்துட்டு வாங்க லா.”

“நான் உன்ன மாதிரி இல்ல.”

“ஆமாண்ணே” என்றான் காதர், என் காலைப் பார்த்து. “நீங்க ரொம்ப அழுத்தமா நிக்கிறீங்க.”

அடக்கம் இல்லாத பையன், இவன் பாடு இன்றோடு முடிந்தது என்று நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வருத்தப்பட்டது போல ஒரு சந்தோஷம்.

பதினொன்றரைக்குப் பெரிய துரை வந்தார். உயரமான, சிவந்த மனிதர், கையில் பிரம்பு. கிட்டங்கியை ஒருமுறை சுற்றிவிட்டு வந்து, நறுக்குத் துண்டும் கூட்டிப் பெருக்கியதும் மாதத்துக்கு எவ்வளவு சேருகிறது என்று எங்கள் சின்னத் துரையைக் கேட்டார். சின்னத் துரை வானத்தைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. பெரிய துரையின் முகம் இன்னும் சிவந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “மூத்த கிராணி, முன்னால் வா” என்றார்.

இளைஞனைப் போல ஒரு துள்ளலோடு முன்னே போக வேண்டும் என்பது என் திட்டம். வீட்டில் இரண்டு முறை ஒத்திகையும் பார்த்திருந்தேன். துள்ளினேன். உடம்பு துள்ளியது. கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

வலதுகாலைப் பலமாக இழுத்தேன். அது எழுந்தது, அதன் அடியிலிருந்து வெல்லப்பாகு போலக் கம்பி கம்பியாக நூல் நீண்டு, என்னை மறுபடி கீழே இழுத்தது. இடதுகாலை இழுத்தேன். சப்பாத்து அங்கேயே தங்க, கால் மட்டும் வந்தது. செல்லம்மாள் பல வருடங்களில் பல நிற நூலால் இழையோட்டிய காலுறை வெளிச்சத்துக்கு வந்தது. அதன் முனையிலிருந்து என் பெருவிரல் எட்டிப் பார்த்தது. ஒரு கால் சிறையிலும் ஒரு கால் விடுதலையிலுமாக நான் ஆடினேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் பெரிய துரையின் பிரம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்த சிரிப்பு துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

பெரிய துரை சிரிக்கவில்லை. சாக்குக் கிழிக்கும் கத்தியால் என் சப்பாத்துகளை மேடையிலிருந்து சுரண்டி எடுக்கச் சொன்னார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடியில், தோட்டத்துக்காரர்கள் தாளில் அழுத்தி அனுப்பும் வைர முத்திரை, குதிகாலுக்குச் சற்று மேலே, தெளிவாக இருந்தது.

“இது எங்கிருந்து வந்தது?”

‘கடையில் வாங்கினேன்’ என்று சொல்லியிருக்கலாம். ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யார் எதைக் கேட்டாலும் என் கை தானாக நோட்டுக்குப் போகும். எடுத்தேன், மாசி ஒன்பதைப் பிரித்தேன். எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. கையை நீட்டிப் பிடித்தேன், இன்னும் நீட்டினேன். அதற்கு மேல் நீட்டக் கை போதவில்லை. பெரிய துரை நோட்டைப் பிடுங்கி, தமிழைக் கண்டு, காதரிடம் நீட்டினார்.

காதர் படித்தான். கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிறவன் போல உரக்க, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் பெயர்த்துப் படித்தான். மாதிரித் தொட்டியை விடவில்லை. துண்டு இரண்டை விடவில்லை. “செலவு: இல்லை” என்று முடித்துவிட்டு, “கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்” என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

மகளின் கல்யாணப் பந்தலை யாரோ கழி கழியாகப் பிரிப்பது எனக்குக் கேட்டது.

பெரிய துரை நோட்டை வாங்கி, புரியாத பக்கங்களை வெகுநேரம் புரட்டினார். “எல்லாவற்றையும் இப்படி எழுதுவாயா?”

“எல்லாவற்றையும், துரை.”

“இந்தக் கிட்டங்கியில் கழிவுக்குக் கணக்கு வைத்திருப்பவன் நீ ஒருவன்தான். அதுவும் நீ திருடிய கழிவுக்கு” என்றார்.

தீர்ப்பு அங்கேயே வந்தது. மூத்த கிராணி வேலை காதருக்கு. ஜன்னலோரத்து மேசையும் அவனுக்கே. எனக்குப் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் ஒரு முக்காலி, பழைய சம்பளம், ‘கழிவுக் கிராணி’ என்று ஒரு புதுப் பட்டம். தரையில் விழுகிற ஒவ்வொரு துண்டையும் நான் எழுத வேண்டும். ஆள்குறைப்பு கணக்கில் மட்டும் நடந்தது: கிட்டங்கியில் இப்போது ஒரே ஒரு கிராணி, கூடவே ஒரு கழிவு.

வீடுவரை வெறுங்காலோடு நடந்தேன். கடைத்தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. செல்லம்மாள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“வேலை?”

“இருக்கு.”

“சப்பாத்து?”

“இல்ல.”

“செலவு?” என்றாள். அந்த நோட்டை அவளும் படிப்பாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் என் பட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களுக்கு முன்பே முழுக்கதையும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எழுந்திருக்கத் தாமதித்தாலும், “என்ன, சப்பாத்து ஒட்டிக்கிச்சா?” என்பதுதான் கேள்வி. பேரப்பிள்ளைகளுக்கும் அது பாடம். இப்போது நாற்காலியிலிருந்து எழ எனக்கு உண்மையாகவே மூன்று முயற்சி வேண்டியிருக்கிறது. இந்த முழங்கால்களுக்கு வைக்கிற மாதிரி எந்தத் தொட்டியிலும் துண்டு இல்லை. மூன்று முயற்சிக்கும் அவர்கள் மூன்று முறை கேட்கிறார்கள்.

இந்த 1938இல் நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, காதர் தேநீரும் பலகாரமும் வாங்கிவைத்தான். அவன் தாடியில் இப்போது என்னிடம் இருப்பதைவிட நரை அதிகம். எல்லாரும் போனபிறகு என் முக்காலியில் உட்கார்ந்து, “அண்ணே, ஒண்ணு சொல்லணும்” என்றான். “அன்னைக்கு என் சப்பாத்துலயும் அதே தாள்தான். உங்களுக்கு முந்தியே ஒட்டிட்டேன். காலையில வர்ற வழியிலயே ரோட்டுல புடிச்சுக்கிச்சு. அதான் ஒரு எடத்துல நிக்காம, மாவுலயே மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“அப்புறம் ஏன்டா நோட்டை அப்படி நீட்டி முழக்கிப் படிச்ச?”

“துரை கண்ணு உங்க காலை விட்டு என் காலுக்கு வந்துடக் கூடாதுல்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“எப்படிண்ணே சொல்றது? நீங்க அதையும் எழுதிடுவீங்களே.”

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். மாசி பதினொன்றின் கடைசி வரி: “மாலை காதரும் வெறுங்காலுடன் வீடு சென்றான். என்மேல் கொண்ட இரக்கம் போலும்.” அன்றைக்கே துறைமுகப் படியிலிருந்து தன் சப்பாத்துகளைக் கடலில் வீசிவிட்டதாகக் காதர் சொல்கிறான். வீசியதைப் பார்த்தவர் யாரும் இல்லை, சப்பாத்தும் இல்லை. அவன் சொன்னதை அப்படியே கீழே சேர்த்து எழுதி, பக்கத்தில் ‘இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்று குறித்திருக்கிறேன். இந்தமுறை கோடு போடவில்லை.