மூவாயிரம் கோடிப் படத்தின் தங்கை

அந்தமான் லாங் ஐலண்ட் வாழ் பெருமக்களுக்கு விழாக்குழு பணிவுடன் அறிவிப்பது என்னவென்றால்: உலகத்திலேயே அதிக விலைக்குப் போன ஓவியத்தின் உடன்பிறந்த தங்கை நமது தீவுக்கு எழுந்தருளியிருக்கிறாள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் அவள் தன் வீட்டைத் தானே தேர்ந்தெடுப்பாள். சாதி, மத, மொழி வேறுபாடு கிடையாது. யாரைப் பார்த்து அவள் அதிகம் சிவக்கிறாளோ அவருக்கே சொந்தம். குழுவின் தீர்ப்பே இறுதியானது. தேநீர் உண்டு.

படகுத்துறை ஜெட்டியிலும் ரேஷன் கடைச் சுவரிலும் இது ஒட்டப்பட்டது. புயல் எச்சரிக்கையை நின்று படிக்காதவர்கள் இதை நின்று படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்தவர்களை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

தங்கையை அழைத்து வந்தவர் சித்திரச் சித்தர் நாகலிங்கம். வியாழக்கிழமை போட்டில் வந்து இறங்கினார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது என்றால் எங்கள் தீவில் வெங்காயத்துக்கே மரியாதை கூடும். இவரோ பட்டு ஜிப்பா போட்ட வெங்காயம்.

அவருடைய தத்துவம் எளிமையானது. 2017-இல் நியூயார்க்கில் ஒரு பழைய படம் நாற்பத்தைந்து கோடி டாலருக்கு ஏலம் போனது. ரூபாயில் மூவாயிரம் கோடி பக்கம். இது உண்மை, செல்போனில் எல்லாருக்கும் காட்டினார். அதே படம் பன்னிரண்டு வருடம் முன்பு ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கேட்பாரற்றுப் போயிருந்தது. இதுவும் உண்மை. அந்தப் படத்தில் இருப்பவர் இயேசுநாதர் என்றதும் மாதா கோயில் தெரு மொத்தமும் முன்வரிசைக்கு வந்துவிட்டது. அடுத்து, வெறும் மூன்று நிறப் பட்டைகளைத் தீட்டிய இன்னொரு படத்தைக் காட்டினார். அதுவும் நூற்றுக்கணக்கான கோடிக்குப் போனதாம்.

“இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததற்கு இத்தனை கோடி என்றால், உள்ளே என்னவோ இருக்கத்தானே வேண்டும்?” என்று கேட்டார் நாகலிங்கம்.

கூட்டம் தலையாட்டியது. இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே இருப்பது யோகம். மனிதருக்கு ஜாதகம் இருப்பதுபோல் படத்துக்கும் உண்டு. ஓவியன் தூரிகையை நனைத்த நேரமே படத்தின் பிறந்த நேரம். மூவாயிரம் கோடிப் படம் பிறந்த அதே முகூர்த்தத்தில் பிறந்தவள்தான் இந்தத் தங்கை. அண்ணனுக்கு ஐந்நூறு வயது, தங்கையின் சட்டகத்தில் நேற்றடித்த வார்னிஷ் வாசம் என்று யாரோ முணுமுணுத்தபோது, தெய்வீகக் குடும்பங்களில் வயது வித்தியாசம் சகஜம் என்று பதில் வந்தது. தங்கை எவர் வீட்டில் குடியேறுகிறாளோ, அந்த வீட்டு வாசலுக்கு மூன்றே வருடத்தில் லண்டன் ஏலக்காரன் வந்து நிற்பான்.

படம் இதுதான். அலைகள் நடுவே நீலச் சேலை கட்டி நிற்கும் ஒரு பெண். லட்சுமியா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றார். மாதாவா என்று கேட்டவர்களுக்கும் ஆமாம் என்றார். அவளை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்திருந்தார். பெட்டிக்குள் நூறு வாட் பல்பு ஒன்று எந்நேரமும் எரிந்தது. அணையா விளக்கு என்றார். கரண்ட் போனபோது அணைந்தது. அப்போது தியானம் என்றார்.

பக்தர் முன்னால் வருவார். பெட்டியிலிருந்து படம் வெளியே வரும். கண்ணாடிக் கதவு திறக்கும். பக்தர் மூன்று முறை ஊத வேண்டும். நீலச் சேலை மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகும். தங்கை வெட்கப்படுகிறாள் என்பார் நாகலிங்கம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், சிலுவை போட்டுக்கொள்ளும், பக்கத்துத் தெரு வங்காளிப் பெண்கள் குலவையும் இடுவார்கள்.

எல்லாருக்கும் அவள் வெட்கப்பட மாட்டாள். ரெங்கம்மா ஊதியபோது நீலமாகவே நின்றாள். ரெங்கம்மா காணிக்கையாகக் கொண்டுவந்தது ஒரு பழைய மிக்சி என்பதும், அவள் ஊதும்போது மட்டும் கண்ணாடிக் கதவு மூடியே இருந்தது என்பதும் தற்செயல்.

ஆம், காணிக்கை. தங்கைக்குப் பணம் பிடிக்காது. பணம் எச்சில். உங்களால் எதை விட்டுப் பிரிய முடியாதோ அதைக் கொண்டுவர வேண்டும். அவளை வெல்பவருடைய பொருளும் சரி, தோற்றவருடைய பொருளும் சரி, திரும்பி வராது. அது தங்கைக்குச் சீர்வரிசை. திங்கள் காலை சரக்கு போட்டில் ஏறிவிடும்.

செபஸ்தியானால் விட்டுப் பிரிய முடியாத பொருள் அவனுடைய டிங்கிப் படகின் எஞ்சின். அது இல்லாவிட்டால் கடல் இல்லை. கடல் இல்லாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் அவன் மனைவி ஆரோக்கியசெல்வி உப்புப் போட்டு உலர்த்திப் போர்ட் பிளேருக்கு அனுப்பும் கருவாடு இல்லை. அந்த வீட்டில் சோறு வரும் வழி மொத்தமும் அந்த எஞ்சின்தான். சனிக்கிழமை சாயங்காலம் செபஸ்தியான் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

“முந்தாநாள் நான் ஊதினதும் எப்படிச் செவந்தா பாத்தியா செல்வி? நம்மளத்தான் பிடிச்சிருக்கு அவளுக்கு.”

“போன மாசம் நீங்க குடிச்சிட்டு வந்து ஊதினப்ப நானுந்தான் செவந்தேன். எனக்கு எந்த லண்டன்காரன் வந்தான்?”

“உனக்கு எங்கட்டி இதெல்லாம் புரியும். உப்புக்கூடையில கெடக்கவ.”

உப்புக்கூடை என்றதும் ஆரோக்கியசெல்வி கூடையைத் திரும்பிப் பார்த்தாள். அது கசிந்துகொண்டிருந்தது. காற்றில் ஈரம் ஏறினால் கல்லுப்பு வியர்க்கும். வியர்த்தால் அவள் கருவாட்டை அள்ளி உள்ளே போடுவாள். இல்லையென்றால் புழு வைக்கும். பதினெட்டு வருடமாக அவளுக்கு வானிலை சொல்வது அந்தக் கூடைதான். வியாழக்கிழமையும் கூடை வியர்த்தது. அன்று படம் பெட்டியை விட்டு வந்த மாத்திரத்தில் சிவந்தது. வெள்ளிக்கிழமை நல்ல வெயில், உப்பு மணல்போல் உதிர்ந்தது. அன்று எவ்வளவு ஊதியும் படம் சிவக்க வெகுநேரம் ஆனது. சித்தர் அன்று விரதம் என்று காரணம் சொன்னார்.

இதைக் கணவனிடம் சொல்லிப் பயனில்லை. சொன்னால் கேட்கிற நிலையில் அவன் இல்லை. அவன் ஏற்கெனவே லண்டனில் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சமுதாயக் கூடம் கல்யாண வீடுபோல் இருந்தது. விழாக்குழுத் தலைவர் காண்டிராக்டர் சிவஞானம் தன்னுடைய கான்கிரீட் மிக்சரையே கொண்டுவந்துவிட்டார். ஆறு பேர் தள்ளி வந்தார்கள். அதற்கு மாலை போட்டிருந்தது. அறிவியல் டீச்சர் உமா மகேஸ்வரி தன் ஃபிரிட்ஜை இரண்டு பேர் தலையில் ஏற்றி வந்தார். உள்ளே இருந்த தயிரைக்கூட எடுக்கவில்லை, அத்தனை பக்தி. செபஸ்தியான் எஞ்சினைக் கைவண்டியில் படுக்கவைத்து, குழந்தைக்கு விரிப்பதுபோல் அடியில் துண்டு விரித்திருந்தான். ஓரத்தில் டீக்கடை முருகையா மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெரிய கெட்டிலை ஏற்றி, “ஹட்டோ, ஹட்டோ, கரம் ஹை, தள்ளுங்க, சூடு” என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். வெளியே வானம் இறுகிக் கருத்திருந்தது.

சிவஞானம் ஊதினார். தங்கை சிவந்தாள். டீச்சர் ஊதினார். இன்னும் கொஞ்சம் சிவந்தாள். படத்தை மறுபடி பெட்டிக்குள் பல்புக்கு அடியில் வைத்து, நீலமாக்கி, வெளியே எடுத்தார் நாகலிங்கம். செபஸ்தியான் ஒரு அடி முன்னால் வந்து, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தான்.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் ஆரோக்கியசெல்வி. கருவாட்டுக் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். “குருஜி, ஒரே ஒரு சந்தேகம். இப்ப யாருமே ஊதாம இருந்தா, அவ என்ன செய்வா?”

“நீலமாகவே இருப்பாள் தாயே. யாரும் இல்லாத இடத்தில் பெண்ணுக்கு வெட்கம் எதற்கு?”

“அப்ப அதையும் பாத்துருவோம். எல்லாரும் பத்தடி பின்னால போங்க. மூச்ச அடக்கிக்கங்க.”

விளையாட்டு என்றால் எங்கள் ஊருக்கு அழைப்பிதழ் வேண்டாம். நூற்றைம்பது பேர் பின்னால் நகர்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சிவஞானத்தின் கன்னம் பலூனானது. கண்ணாடிக் கதவு திறந்தபடி படம் தனியாக நின்றது. முதலில் முந்தானை வெளுத்தது. பிறகு கொசுவம். சிவஞானத்தின் முகம் நாவல்பழ நிறத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சேலை மொத்தமும் ரோஜாப்பூ நிறமாகிவிட்டது.

புஸ் என்று நூற்றைம்பது மூச்சு ஒன்றாக வெளியே வந்தது. முன்வரிசைத் தொப்பி ஒன்று பறந்தது.

நாகலிங்கம் அசரவில்லை. “பார்த்தீர்களா? தன் மணவாளர் இந்தக் கூடத்தில் இருப்பதை அவள் மனதாலேயே அறிந்துவிட்டாள். மூச்சுகூடத் தேவைப்படவில்லை.”

பாதிப் பேர் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் செபஸ்தியானும் ஒருவன்.

“சரி, அந்த மணவாளர் யாருன்னு கண்டுபிடிப்போம்,” என்றாள் ஆரோக்கியசெல்வி. படத்தைத் தூக்கினாள். நாகலிங்கம் தடுக்க வந்தார். மீன் கவுச்சி பட்டால் தோஷம் என்றார். “அவ நிக்கிறதே கடலுக்குள்ள. மீனு புதுசா அவளுக்கு?” என்றாள் அவள். அந்த இடத்தில் கூட்டம் முதல் தடவையாகச் சிரித்தது. சித்தரின் சவப்பெட்டிக்கு அதுதான் முதல் ஆணி.

படம் மறுபடி பெட்டிக்குள் போனது. நீலமானது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக முருகையாவிடம் போய், கெட்டிலின் மூக்குக்கு எதிரே பிடித்தாள்.

சிவஞானத்துக்கு மெல்ல மெல்லச் சிவந்தவள், டீச்சருக்கு மரியாதைக்குச் சிவந்தவள், கெட்டிலைக் கண்டதும் ஒரே நொடியில் தலை முதல் கால் வரை சிவந்துவிட்டாள். வெட்கம் தாங்காமல் சேலை நுனியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு வடிந்து முருகையாவின் கைலியில் விழுந்தது.

“அறிவிப்புல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?” என்று சிவஞானத்திடம் கேட்டாள் ஆரோக்கியசெல்வி. “யாரைப் பாத்து அதிகமாச் செவக்குதாளோ அவருக்கே சொந்தம். முருகையா அண்ணன் கெட்டிலுக்குத் தாலி எடுத்துக் குடுங்க.”

சிவஞானம் மாலை போட்ட மிக்சருக்குப் பின்னால் நகர்ந்தார். குழுவின் தீர்ப்பே இறுதியானது என்று எழுதியவரே அவர்தான்.

ஆரோக்கியசெல்வி படத்தை ஸ்டவ்வின் பக்கவாட்டில், ஆவி படாமல், அனலில் காட்டினாள். நீலம். கெட்டிலின் மூக்கில் காட்டினாள். சிவப்பு. நீலம். சிவப்பு. பிறகு படத்தைச் செபஸ்தியான் கையில் கொடுத்தாள். அவன் ஒரு முறை அனலில் காட்டினான், ஒரு முறை ஆவியில் காட்டினான். மறுபடி காட்டினான். அவன் காது மடல் சிவந்தது. அதற்கு ஆவி காரணமில்லை.

அதற்கப்புறம் அங்கே ஒழுங்கு என்று ஒன்றும் இருக்கவில்லை. ரெங்கம்மா கதவைத் திறந்துவைத்து ஆசை தீர ஊதினாள். யாரோ நனைந்த துண்டைக் காட்டினார்கள். துண்டுக்கும் யோகம் இருந்தது. வாசலில் நின்ற ஆடு ஒன்றைத் தூக்கி வந்தார்கள், ஆடு தும்மியது, ஆட்டுக்குச் சிவஞானத்தைவிட நல்ல ஜாதகம் என்று தீர்ப்பாயிற்று. “க்யா பாத் ஹை, பக்ரி ஜீத் கயா” என்று ஆட்டின் வெற்றியை இந்தியில் முழங்கி வங்காளி இளைஞர்கள் அதைத் தோளில் தூக்கி ஆடினார்கள்.

அந்த அமளியில் அறிவியல் டீச்சர் உமா மகேஸ்வரி மெதுவாகச் சொன்னார்: “இது கோபால்ட் குளோரைடு. காஞ்சா நீலம், ஈரம் பட்டா இளஞ்சிவப்பு. வருஷா வருஷம் பசங்களுக்கு நான் செஞ்சு காட்டுறதுதான்.”

எல்லாரும் அவரையும், அவருக்குப் பக்கத்தில் நின்ற ஃபிரிட்ஜையும் பார்த்தார்கள்.

“அது சிலபஸ்ல வரும்,” என்றார் டீச்சர்.

நாகலிங்கம் இதற்குள் ஜிப்பாவை மடக்கிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடியிருந்தார். அங்கே பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: மோசமான வானிலை, எல்லா போட்டும் கேன்சல். மழை அப்போதுதான் சோவென்று இறங்கியது. மூன்று நாள் நிற்கவில்லை. ஊரார் எதிர்காலத்தை எல்லாம் அறிந்தவருக்குத் தன்னுடைய மறுநாள் போட் தெரியவில்லை. இத்தனைக்கும் காலையிலிருந்து அவர் கையிலிருந்த படம் அது ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தீவில் ஏமாற்றுக்காரனுக்கும் பசிக்கும். அடித்துத் துரத்தலாம் என்றால் துரத்துவதற்கு வழியில்லை, சுற்றிலும் தண்ணீர். மூன்று நாளும் வீட்டுக்கு ஒரு வேளை என்று அவருக்குச் சோறு போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சோறு வைக்கும் முன் ஒரே கேள்வி கேட்டார்கள்: மூன்று பட்டை போட்ட படத்துக்குள் என்னதான் இருக்கிறது? நான்காவது வீட்டில் அவர் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார். குழம்பு நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

மிக்சர் வீட்டுக்குப் போனது. மாலையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். ஃபிரிட்ஜும் போனது, தயிர் புளித்திருந்தது. செபஸ்தியான் மழை விட்டதும் எஞ்சினைப் படகில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கடலுக்குப் போனான். ஒரு கூடை சூரை மீனோடு திரும்பி வந்தான்.

மூவாயிரம் கோடி கொடுத்து எவனோ படம் வாங்கினால் அது அவன் பணம், அவன் பாடு. தன் எஞ்சினைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசிக்க யாரும் கட்டணம் கேட்பதில்லை.

தங்கை இப்போது ஆரோக்கியசெல்வியின் கருவாட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறாள். அவள் சிவந்தால் கருவாட்டை உள்ளே எடுத்துவிடுகிறார்கள்.