ஜிலேபி போட்ட சட்டை

குடும்பமே ஒரே துணியில் தைத்து உடுத்திக்கொண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போவது என்று என் மனைவி அன்புக்கரசி முடிவெடுத்தாள். எங்கள் வீட்டில் முடிவு அவள் இலாகா. தலையாட்டுவது என் இலாகா.

"கடைத் துணி வேணாம்யா. புள்ளைங்க வரையட்டும். அத்த அப்டியே துணியில அச்சடிச்சித் தர்றாங்களாம், காலடிப்பேட்டையில. நான் தைச்சிடறேன்."

"ஜோரா கீது" என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

சின்னவன் பகலவன், நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஓட்டுகிற கிரேனை வரைந்தான். கழுத்து நீண்ட ஆடு மாதிரி இருந்தது. பரவாயில்லை. எட்டு வயசு எழில்மொழி என்னை வரைந்தாள். மீசை, தொப்பை எல்லாம் சரி. என் வலது கையில் வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்டு ஒன்று.

எனக்குக் கண் இருட்டியது. ஜிலேபி!

மூணு மாசத்துக்கு முன்னால் டாக்டர், "சுகர் முந்நூறு. இனிப்பைத் தொட்டா உன் காலுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். அன்பு அழுதாள். அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். ஆனால் வியாழக்கிழமைதோறும் எழிலை டியூஷனிலிருந்து கூட்டி வரும்போது, தேரடி முனையில் சுடச்சுட ஜிலேபி போடுகிறார்களே! அவளுக்கு ஒன்று, எனக்கு மூன்று. "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு" என்பேன். குழந்தை சொல்லவில்லை. வரைந்துவிட்டது.

அன்பு படத்தைக் கையில் எடுத்தாள்.

"தத்ரூபமா கீதுய்யா! நீ தெனம் பண்றத அப்டியே போட்டுட்டா பாரு."

"தெ... தெனமா? சேச்சே!"

"தெனம்தான். இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது உனுக்கு?"

"புழுக்கம்."

"ஃபேன் ஓடிக்கினு கீதே?"

"ஃபேன் காத்துதான் புழுங்குது."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அச்சுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மஜீது பாய் கம்ப்யூட்டரில் எழிலின் படத்தைத்தான் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு நானைப் பார்க்கவே பயம். அங்கே நூறு நான்.

"பாய், கையில கீற வட்டத்த லாரி டயரா மாத்திடு."

"இன்னாத்துக்கு நைனா? கொயந்த நல்லாதானே போட்டுகீது."

படபடப்பில் கொட்டிவிட்டேன். "அது ஜிலேபி பாய். எனக்கு சுகர். வூட்ல தெரிஞ்சா பேஜாராயிடும்."

பாய் நெஞ்சில் கைவைத்தார். "கவலப்படாத தோஸ்து. நான் பாத்துக்கறேன்."

துணி வந்தது. அன்பு என் கண்ணில் காட்டவில்லை. "தைச்சப்புறம் பாரு" என்றுவிட்டாள். நாலு நாளும் தையல் மிஷின் கடகடத்தது. அதோடு சேர்ந்து என் நெஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் புதுசைப் போட்டுக்கொண்டு குதித்தார்கள். அன்பு என் சட்டையை நீட்டினாள். பிரித்தேன். காலரில் நான், கையில் நான், பாக்கெட்டில் நான். எல்லார் கையிலும் சுருள். ஒரு டயர்கூட இல்லை.

"போட்டுப் பாருய்யா."

போட்டேன். பொத்தானும் காஜாவும் எட்டி நின்று பார்த்துக்கொண்டன.

"அன்பு... டைட்டா கீதே?"

"மூணு மாசமா இனிப்பே தொடாத ஆளு, எளச்சிருப்பேன்னு ரெண்டு இன்ச்சு கொறச்சி வெட்டிட்டேன். விழாவுக்கு இருவது நாளு கீது. காலைல பீச்சாண்ட நட. பொருந்திடும்."

சொல்லிக்கொண்டே போனை அமுக்கி, அதில் பதிவாகியிருந்த பேச்சை ஓடவிட்டாள். மஜீது பாயின் குரல்: "தங்கச்சி, உன் வூட்டுக்காரரு ஜிலேபிய டயரா மாத்தச் சொல்றாரு. ஆர்டர் உன்னுதாச்சே, மாத்தட்டா?"

"மாத்தாதீங்கன்னேன். புள்ள ஆசையா வரைஞ்சது." அவள் குரல் உடைந்தது. "உன் கால் போயிட்டா எங்களுக்கு ஆருய்யா கீறாங்க?"

என் கோபம் மகள் மேல் திரும்பியது.

"எழிலு, நைனாவக் காட்டிக் குட்த்துட்டியே! ஜிலேபிய ஏம்மா வரைஞ்சே?"

அவள் விழித்தாள். "ஜிலேபியா? அது கொசுவத்தி நைனா. தெனம் நீதானே கொளுத்துவே?"

அன்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாய் போன் பண்ற வரிக்கும் நானும் கொசுவத்தின்னுதான்யா நெனச்சிகினு கீந்தேன்."