பல் எக்ஸ்ரேயும் பதினான்கு நாள் தீட்டும்

முட்டாள்களால் குடும்பங்களுக்குப் பெரிய கேடு வருவதில்லை. அனுபவஸ்தர்களால்தான் வருகிறது. ஆதாரம் வேண்டுமென்றால் என்னை வந்து பார்க்கலாம். வீட்டில்தான் இருப்பேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். தேயிலைக்கு மருந்தடிக்கும் ஆட்களைக் கவனிப்பது என் பொறுப்பு. மருந்தடித்த மலையில் சிவப்புக் கொடி நட்டுவிடுவேன். பதினான்கு நாள் அங்கே யாரும் கொழுந்து பறிக்கக் கூடாது. அடித்தவர்கள் குளித்து உடுப்பு மாற்றும்வரை பிள்ளைகளைத் தூக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை என்னைப் போல் கறாராக அமல்படுத்தியவர் உலகத்தில் கிடையாது. (இதற்காக ஆட்கள் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எழுத முடியாது.)

ஐந்து வருடத்துக்கு முன் கடைவாய்ப் பல் வலித்ததால் பதுளையில் ஒரு பல் வைத்தியரிடம் போனேன். டாக்டரம்மா இரண்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உதவிக்கு நின்ற மிஸ், ஈயம் வைத்த கனத்த மேலங்கியை என் மார்பில் போர்த்தி, வாயில் சிறிய தகடு ஒன்றைச் செருகி, "அசையாம இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒன்பது அடி எடுத்து வைத்தார். எண்ணினேன். பிறகு கதவும் சாத்தப்பட்டது.

எனக்குக் கவசம், அவருக்கு ஓட்டம். இதுவும் ஒரு மருந்தடிப்புத்தான் என்பதற்கு இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்? டாக்டரம்மாவிடமே கேட்டிருக்கலாம். முப்பத்தொரு வருட அனுபவஸ்தன் கேள்வி கேட்பானா?

வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தேன். உடுப்பைத் தனியாக ஊறவைத்தேன். ஆனாலும் இது உடம்புக்குள்ளேயே போன சங்கதியல்லவா? அதனால் மலைக்கு விதித்த பதினான்கு நாளை எனக்கும் விதித்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் என் பேரனுக்கு ஞானஸ்நானம்.

மகள் மெர்சி தன் விருப்பப்படி கட்டிக்கொண்டதற்காக இருபத்திரண்டு மாதம் அவளோடு பேசாமல் இருந்தவன் நான். (அந்தச் சாதனையையும் எண்ணித்தான் வைத்திருந்தேன்.) பிள்ளை பிறந்த பிறகு அவளே வந்து, "அப்பா, நீங்கதான் புள்ளய தூக்கி போதகர்கிட்ட குடுக்கணும்" என்றாள். அதில்தான் சமாதானமே ஆனது. பால் கொடுக்கிறவளைப் பயமுறுத்துவானேன் என்று எக்ஸ்ரே விஷயத்தை யாரிடமும் சொல்லாமல், மௌனத் தியாகியாக ஆலயத்துக்குப் போனேன்.

"தாத்தா, பிள்ளைய வாங்குங்க" என்றார் போதகர்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு அடி பின்வாங்கினேன். "வேணாம். வேற யாராவது தூக்கட்டும்."

மாப்பிள்ளை தலைகுனிந்தார். மெர்சியின் கண்கள் நிறைந்துவிட்டன.

"இன்னும் கோவம் போகலியாப்பா? எம்மேல இருக்கட்டும். புள்ள என்னா செஞ்சிச்சு?"

"கோவமில்லம்மா. பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தேன். பதினாலு நாள் ஆகணும். இன்னைக்கு ஒம்பதுதான்."

என் மனைவி ஸ்டெல்லா அதற்குமேல் காத்திருக்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கினாள். வலி கூடினால் பேசச் சொல்லி டாக்டரம்மா தந்திருந்த இலக்கத்தை அழுத்தி, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"ஐயா, லைட்ட அணைச்ச பொறகு வெளிச்சம் சட்டையில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வருமா? எக்ஸ்ரேயும் அப்பிடித்தான். மெஷின் நின்னதோட முடிஞ்சிச்சு. பல்லுக்கு எடுக்கிறது ரொம்பக் கொஞ்சம்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப அந்த மிஸ் ஏன் ஓடுனாங்க?"

"ஓடல, நடந்தாங்க. நீங்க எப்பவாவது ஒரு நாள் வர்றீங்க. அவங்க தினமும் அங்கதான் வேலை செய்றாங்க. ஒவ்வொரு படத்துக்கும் உள்ளயே நின்னா கொஞ்சங் கொஞ்சமா சேர்ந்துருமில்ல? தேவையில்லாதவங்க உள்ள நிக்கக் கூடாது, அவ்வளவுதான். புள்ளய தூக்குங்க ஐயா."

கடைசி பெஞ்சில் கிளம்பிய சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. போதகர் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். மெர்சி அழுகையும் சிரிப்புமாகப் பிள்ளையை என் கையில் திணித்தாள்.

"இத முன்னாடியே சொல்ல வாய் இல்லியா? பல்லுலதானே கோளாறு!"

பேரனுக்கு இப்போது ஐந்து வயது. போன மாதம் அவனுக்கும் ஒரு பல் எக்ஸ்ரே. கூடவே உள்ளே நுழையப் பார்த்தேன். "தாத்தா, தேவையில்லாதவங்க வெளிய நிக்கணும்" என்றான். (எங்கள் வீட்டில் அவனுக்குச் சொல்ல வேறு கதையே இல்லை.) படம் எடுத்து வெளியே வந்தவன், காத்திருந்த பதினொரு பேர் பார்க்க, கைகளை விரித்துக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"இப்பத் தூக்குவீங்களா, பதினாலு நாள் ஆகணுமா?"

பத்தொன்பது கிலோ. தூக்கினேன். இப்போது என் இடுப்புக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.